செருப்பை வெளியே பார்த்துக் கழற்றி வையுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். கேட்டிருப்பவர் ஒரு பெண். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த அடிப்படையில் புறத்தொடர்புப் பணியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. குடித்துவிட்டுப் பிள்ளைகளை அடிக்கும் தகப்பன்களின் வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒருவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு இருபது நிமிடம் கத்தினார். “பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா, கராத்தே வகுப்பில் சேரலாமா?” என்று கேட்கிறார். உண்மையில் அவர் கேட்பது, அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகு என்ன செய்திருக்க முடியும் என்பதை. சாத்திய பிறகு செய்ய முடிவது கொஞ்சம்தான். சாத்துவதற்கு முன்னால் செய்ய நிறைய இருக்கிறது. அதனால் இந்தப் பதிலின் பெரும்பகுதி கதவுக்கு வெளிப்பக்கம் நடப்பதைப் பற்றியது.

பெப்பர் ஸ்பிரேயை முதலில் முடித்துவிடலாம். பத்துக்குப் பத்து அறையில் அதை அடித்தால் உங்கள் கண்ணும்தான் எரியும். மூலையில் நிற்கிற குழந்தைக்கும் மூச்சு அடைக்கும். நல்ல போதையில் இருப்பவருக்கு எரிச்சல் உறைப்பதற்கே நேரம் பிடிக்கலாம். இதையெல்லாம் விடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு: பையில் ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில், போகக் கூடாத வீட்டுக்குள் போய்விடுவோம். இருட்டில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்க வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு விசிட்டுக்கு அதை நம்பாதீர்கள். கராத்தே உடம்புக்கு நல்லதுதான். ஆனால் விசிட்டுக்கு வேண்டியது இரண்டு மூன்று விடுவிப்புகள் மட்டும். மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் பிடியின் பலவீனம். முழங்கையை மடக்கி, அந்த இடைவெளி வழியாகச் சட்டென்று உருவ வேண்டும். முடியைப் பிடித்தால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அவருடைய கையை உங்கள் இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அவர் பக்கமாகவே நகர வேண்டும்; வலி பாதியாகும், பேசவும் கத்தவும் முடியும். இதை ஒருமுறை கற்று விட்டுவிட்டால் தேவைப்படும் நேரத்தில் கை ஞாபகத்தில் இருக்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை சக ஊழியரோடு பத்து நிமிடம் செய்து பாருங்கள்.

பயிற்சியைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவப் பணியாளர்களுக்குத் தரப்படும் வன்முறைத் தடுப்புப் பயிற்சிகளை ஆராய்ந்து 2020இல் காக்ரேன் மீளாய்வு (நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்க்கும் ஆய்வு) ஒன்று வந்தது. அந்தப் பயிற்சிகளால் தாக்குதல்களின் எண்ணிக்கை குறைகிறது என்று அதனால் காட்ட முடியவில்லை. நம்பிக்கையும் அறிவும் கூடலாம், அடி குறையும் என்பது சந்தேகம். எனவே, “பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி தனியாகப் போங்கள்” என்று மேலதிகாரி சொன்னால் ஏற்காதீர்கள். ஆள் எண்ணிக்கை, வண்டி, போன், நேரம் ஆகியவற்றுக்குப் பயிற்சி ஈடாகாது.

போவதற்கு முன் ஃபைல். யார் அடிப்பார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏற்கெனவே அடித்தவர் மறுபடி அடிக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் நம்பக்கூடிய ஒரே பெரிய அறிகுறி. போதை அதை இன்னும் கூட்டும். நம் ஃபைல்களில் இந்தத் தகவல் இருக்கவே இருக்காது. இருந்தாலும் “ஆள் முரடர்” என்று ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு அடுத்துப் போகிறவர் என்ன செய்வார்? எழுதினால் இப்படி எழுத வேண்டும்: “இரண்டு முறை கை ஓங்கினார். இரண்டு முறையும் குடித்திருந்தார். மூத்த மகளை விடுதியில் சேர்ப்பது பற்றிப் பேசியபோது. சமையல் கட்டிலிருந்து அரிவாள் எடுத்து வந்தார். அவருடைய அம்மா சொன்னதும் நிறுத்தினார்.” எப்போது, எதைப் பேசியபோது, எதை எடுத்து, யார் சொல்லி அடங்கினார் என்ற நான்கும் இருந்தால் அடுத்த விசிட்டுக்குத் திட்டம் போட முடியும். புது வீடாக இருந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் போனில் விசாரியுங்கள். வீட்டில் நாய் உண்டா என்பதையும் கேளுங்கள். இந்த வேலையில் மனிதரிடம் அடி வாங்காதவர்கள்கூட நாயிடம் கடி வாங்கியிருப்பார்கள்.

நேரம் அடுத்தது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிறது. குடிக்கிறவர் வீட்டுக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போவது புத்திசாலித்தனம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் காலை என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, எரிச்சல் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத ஆட்கள் கண்ணில் தெரியும், இடம் காலம் குழம்பும், உங்களைத் தன்னைக் கொல்ல வந்தவராகவே நினைப்பார். “குடிக்காமல்தானே இருக்கிறார்” என்று நம்பி உள்ளே உட்காருவது அப்போது பெரும் தவறு. அது உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை. பேச்சுவார்த்தையை விட்டுவிட்டு 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர் சாப்பிடாமல் இருந்து, இரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் குடித்தவர் போலவே உளறுவார், முரண்டு பிடிப்பார். இதையும் மனதில் வையுங்கள்.

கிளம்பும்போது ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். குழுவில் பதினான்கு பேர் இருந்தால், மற்ற பதின்மூன்று பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருப்பார்கள். பெயர் சொல்லி ஒருவர், அந்த நேரத்தில் மீட்டிங்கில் இல்லாத ஒருவர் வேண்டும். “10.40க்கு உள்ளே போகிறேன், 11.20க்கு அழைப்பேன்.” 11.30 வரை அழைப்பு வராவிட்டால் அவர் இரண்டு முறை உங்களை அழைக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் 112க்கு முகவரியோடு சொல்ல வேண்டும். முகவரி என்றால் கதவு எண்ணும் தெருவும். “மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்” என்றால் அந்த ஊரில் மூன்று மாரியம்மன் கோயில் இருக்கும். சிக்னல் போகப் போகிறது என்று தெரிந்தால், கடைசியாகச் சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்தே லொகேஷனை அனுப்பிவிடுங்கள். ஒரு சங்கேத வாக்கியமும் பேசி வையுங்கள்: “அந்தப் பச்சை ஃபைல் என் டேபிளில் இருக்கா பாருங்க.” அப்படி நீங்கள் கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்க வேண்டும்: ஆயுதம் இருக்கா? போலீஸ் அனுப்பட்டுமா? இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது தெரியுமா? முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள். மூன்றாவது வாரம் ஒருநாள் நீங்கள் அழைக்க மறந்திருப்பீர்கள், அவரும் கவனித்திருக்க மாட்டார். ஒன்றும் நடக்காது. அன்றோடு ஏற்பாடு செத்துப்போகும். மறந்த நாளிலும் 11.30க்கு அவர் அழைத்தே ஆக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். போனில் அவசர அழைப்பு எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் போகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அமைப்புகளில் பார்த்து இன்றே பழகுங்கள்.

வாசலுக்கு வருவோம். வண்டியைப் போக வேண்டிய திசையில் திருப்பி நிறுத்துங்கள். சாவி பையில் வேண்டாம், உடம்பில் இருக்கட்டும். நம் வீடுகளில் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கழற்ற மாட்டேன் என்று நின்றால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும். அதனால் வார், பக்கிள் இல்லாத செருப்பு. கழற்றும்போதே வெளியே பார்த்திருக்கும்படி விடுங்கள், காலை நுழைத்தால் நடக்கலாம். நிலைமை கெட்டால் செருப்பையும் பையையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு வெளியேறுங்கள். பைக்காகத் திரும்பி உள்ளே போய் அடிபடுவது அடிக்கடி நடப்பதுதான். அடையாள அட்டையின் கயிறு இழுத்தால் பிரிகிற வகையாக இருக்கட்டும், அல்லது அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போடாதீர்கள்.

கதவைத் தட்டிவிட்டு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். திறந்ததும் ஐந்து விநாடி பாருங்கள்: எத்தனை பேர், யார் குடித்திருக்கிறார்கள், குழந்தைகள் எங்கே. சரியில்லை என்று தோன்றினால் உள்ளே போகாமலே முடித்துக்கொள்ளலாம்: “வேறு ஒரு வீட்டுக்கும் போக வேண்டியிருக்கு, நாளைக்கு வரேன்.” திண்ணையிலோ வாசலிலோ உட்கார்ந்து பேச முடிந்தால் அதுவே நல்லது. ஆனால் குடும்ப மானம் தெருவில் போகிறது என்று நினைத்தால் அவருக்கு அதனாலேயே கோபம் ஏறும். அந்த வீட்டு நிலவரத்தை வைத்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். உள்ளே போனால், மரியாதைக்காக உள்பக்க நாற்காலியைத் தருவார்கள். “காத்து வரட்டும்” என்று சொல்லி வாசல் பக்கம் உட்காருங்கள். சமையல் கட்டுக்குப் போகவே போகாதீர்கள். அரிவாள்மனை, கொதிக்கிற உலை, மண்ணெண்ணெய் எல்லாம் இருக்கும் இடம் அது. மனைவியிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் கொல்லைப்பக்கமோ வாசலோ பரவாயில்லை. “கதவைச் சாத்தட்டுமா, கொசு வருது” என்று சாதாரணமாகக் கேட்டாலும் “திறந்தே இருக்கட்டுங்க” என்று சொல்லிப் பழகுங்கள். அதையும் மீறிச் சாத்த எழுந்தால் நீங்களும் அதே நொடியில் எழுந்து வெளியே நடக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கோபம் ஏறுவதற்கு அடையாளம் சத்தம் மட்டும் இல்லை. நிறையப் பேருக்குச் சத்தம்தான் பேச்சு. நிலைகுத்திப் பார்ப்பது, குறுக்கும் நெடுக்கும் நடப்பது, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பிள்ளைகளை வெளியே போகச் சொல்வது, கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிவிடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டும்தான் எனக்கு அதிகப் பயம். லுங்கியை மடித்துக் கட்டுவது நம் ஊரில் வெயிலுக்கும் செய்வது, சண்டைக்கும் செய்வது. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

பேச்சில் பொதுவாகச் செய்யும் தவறு “அமைதியா இருங்க” என்பது. அதைக் கேட்டு அமைதியானவர் யாருமில்லை. “உங்க கோபம் புரியுது” என்பதும் பல வீடுகளில் “உனக்கு என்னடி புரியும்?” என்றுதான் திரும்பி வரும். உணர்ச்சிக்குப் பெயர் வைக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள்: “மூணு தடவை ஆபீசுக்கு அலைய விட்டிருக்காங்க. ஒரு நாள் கூலி போச்சு.” வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். குரல் அவருடையதைவிட ஒரு படி கீழே, கை இரண்டும் தெரியும்படி, இரண்டு கை நீளத் தூரம், நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சாய்வாக. “அண்ணே”, “ஐயா”, “தம்பி” என்று அந்த ஊர் வழக்கப்படி கூப்பிடுங்கள். அவர் உங்களை ஒருமையில் பேசினாலும் நீங்கள் இறங்காதீர்கள். வசைக்குப் பதில் சொல்ல வேண்டாம், தகவல் கேட்டால் சொல்லுங்கள். “நீ யாருடி எனக்குச் சொல்ல?” என்பது வசை. “என் புள்ளையத் தூக்கிட்டுப் போகத்தானே வந்திருக்கே?” என்பது கேள்வி, அதுவும் அவருடைய பயம் முழுக்க அடங்கிய கேள்வி. அதற்குப் பொய் சொல்லாதீர்கள். “அதை நான் முடிவு பண்ண முடியாதுங்க. குழந்தைகள் நலக் குழுதான் முடிவு பண்ணும். அங்கே நீங்களும் பேசலாம்.” இது உண்மை. முடிவு தலைவரும் உறுப்பினர்களும் சேர்ந்த குழுவுடையது. அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது பல நேரங்களில் உங்களுக்குக் கவசம். “போலீசைக் கூப்பிடுவேன்” என்று மிரட்டாதீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் வெளியே வந்து கூப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தகவல் கொடுத்தது யார் என்பதை எந்த நிலையிலும் விடாதீர்கள். அன்று உங்கள் மேல் விழாத அடி நீங்கள் தெரு முனை திரும்பியதும் மனைவி மேலோ பக்கத்து வீட்டுக்காரி மேலோ விழும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து விசிட் நாளோடு முடிவதில்லை. ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அடிமட்ட ஊழியர். 1992இல் தன் ஊரிலேயே ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது கோடையில். அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டது செப்டம்பரில். 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து அதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஐ.டி. கம்பெனிகளில் அந்தச் சட்டத்துக்கான போஷ் பயிற்சி எடுக்கும் பலருக்கு, அதன் வேர் வேலைக்காகத் தாக்கப்பட்ட ஒரு களப்பணியாளரிடம் இருப்பது தெரியாது. நமக்கு இதில் இருக்கும் பாடம் நடைமுறை சார்ந்தது: மாவட்டத் தலைநகரிலிருந்து ஜீப்பில் வந்து போகிறவரைவிட, அதே ஊரில் வாழும் ஊழியருக்கே ஆபத்து அதிகம், அதுவும் மாதக்கணக்கில். அதனால் திருமணத்தை நிறுத்தப் போகும்போது அங்கன்வாடிப் பணியாளரை முன்னால் நடக்க விடாதீர்கள். வீட்டைக் காட்டச் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். உத்தரவைக் கொடுப்பது வெளியூர் அதிகாரியாக இருக்கட்டும். ஊர்ப் பெரியவரைத் துணைக்கு அழைப்பதிலும் யோசனை வேண்டும். அவர் எந்தச் சாதி, அந்த வீட்டோடு அவருக்கு என்ன பகை என்று தெரியாமல் அழைத்துப் போனால் துணையே வினையாகும்.

இருவராகப் போகும்போது ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கதவையும் கைகளையும் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் ஒருவர் போனதற்குச் சமம். கிளம்ப வேண்டும் என்று பார்ப்பவர் சொன்னால் பேசுபவர் வாதாடக் கூடாது. மனநோய் உள்ள வீடு என்றாலே வன்முறை என்று நினைப்பது தவறு. பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை. நோயுள்ளவருடைய சந்தேகத்தை மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். “அப்படி நினைச்சா பயமாத்தான் இருக்கும்” என்று சொல்லித் தூரத்தைக் கூட்டுங்கள். குடும்பத்துக்கு ஆலோசனை வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ தன் மேல் ஊற்றிக்கொண்டால், 2017இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். “சும்மா மிரட்டுகிறார்” என்று எண்ணவே கூடாது. கட்டிப்பிடிக்கப் போகாதீர்கள், உங்கள் உடையும் பற்றும். தீப்பெட்டி கைக்கு எட்டாமல் செய்வதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும்தான் முதல் வேலை.

அடி விழுந்துவிட்டால், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் “அடித்தார்கள்” என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். “விழுந்துவிட்டேன்” என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, கெட்ட வார்த்தை உட்பட, அன்றைக்கே எழுதி வையுங்கள். புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், பொது ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தாக்குவது 132ஆம் பிரிவு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் செயல்படும் பாதுகாப்பு அலுவலர்களைப் பொது ஊழியர் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உங்களைப் போன்ற ஒப்பந்த ஊழியர் விஷயத்தில் வாதத்துக்கு இடம் உண்டு, அதனால் நியமன ஆணையும் அன்றைய விசிட்டுக்கான உத்தரவும் கையில் இருக்க வேண்டும். அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் காயம், மிரட்டல், பெண்ணின் மேல் கை வைத்தது ஆகியவற்றுக்கான பிரிவுகள் யாருக்கும் பொருந்தும். தொல்லை பாலியல் தன்மையுடையது என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலைக்காகப் போகும் இடமும் பணியிடம்தான். அங்கே எதிர்ப்படும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை. ஏழைக் குடும்பத்தின் மேல் வழக்கா என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். வழக்கு வேண்டுமா என்பதை நீங்கள் யோசித்து முடிவு செய்யலாம், ஆனால் பதிவு செய்வதா வேண்டாமா என்பதில் யோசனைக்கு இடமில்லை.

போன வார விஷயத்துக்கு வருகிறேன். தாழ் போட்டு ஒருவரை வெளியே விடாமல் வைப்பது அதே சன்ஹிதாவில் 127ஆம் பிரிவின்படி குற்றம். அடி விழாததால் அது “ஒன்றும் நடக்காத” விசிட் ஆகிவிடாது. தேதி, நேரம், எதைப் பேசியபோது சாத்தினார், எப்படித் திறந்தது என்று இன்றே ஒரு பக்கம் எழுதி, உங்கள் அலகின் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதே கடிதத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்த வீட்டுக்கு இனி இருவர், அதில் ஒருவர் காவல் நிலையத்தின் குழந்தை நலக் காவல் அலுவலர் அல்லது அவர் அனுப்பும் ஆள்; இரண்டாவது, களப்பணிக்கு அலுவலக சிம். அந்தத் தகப்பன் கையில் இப்போது இருப்பது உங்கள் சொந்த எண் என்றால், வாட்ஸாப்பில் இருக்கும் உங்கள் பிள்ளையின் படத்தை இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.